போர்வைக்கு ஓரம் தைத்தேன், அண்ணி

அண்ணி,

இன்று காலை புதுப் பாப்ளின் துணியில் தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். கஞ்சி வாசனை எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வாசனை வந்தால் நீங்கள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள் என்று என் உடம்புக்குப் பழகிப்போயிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். மிஷின் மேல் அண்ணனின் மருந்து டப்பாக்களும் டயப்பர் பொட்டலமும்தான் இருந்தன. அவற்றை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

நீங்கள் போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அண்ணனுக்காக நீங்கள் தைத்த போர்வையின் ஓரம் முழுவதும் போய்விட்டது. ஒரு பக்கத்தில் உள்ளே வைத்த பழைய கம்பளியே வெளியே வந்து தொங்குகிறது. அதற்குப் புதிதாகத் துணிப் பட்டி வெட்டித் தைக்கத்தான் உட்கார்ந்தேன். புதன்கிழமைக்குள் முடிக்க வேண்டும். புதன்கிழமை அண்ணனை ஹப்சிகுடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன். இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் அதிக காலம் கூட இருந்தது அப்பா அம்மாவோடு இல்லை, அண்ணனோடுகூட இல்லை, உங்களோடுதான். அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார், நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் தூங்குவார். வீட்டில் விழித்திருக்கும் இரண்டு பேர் நாம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நீங்கள் கல்யாணமாகி ரயில்வே வேலைக்காக நாங்கள் குடியேறியிருந்த இந்தத் தெலுங்கு நாட்டு மெட்டுகுடாவுக்கு வந்தபோது உங்கள் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் அரக்கோணத்துப் பேச்சைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கல்யாணம் அமையாமலே போனது. நாச்சாரத்தில் மருந்துக் கம்பெனி ஆபீஸில் டைப் அடித்துவிட்டு சாயங்காலம் இதே வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். நாத்தனார் வீட்டோடு தங்கிவிட்டாளே என்று உங்கள் சொந்தக்காரர்கள் உங்களுக்காக வருத்தப்பட்டபோது, நான் சமையலறையில் இருப்பது தெரிந்தே சத்தமாகச் சொன்னீர்கள்.

"அவ இருக்கட்டும். எனக்கும் பேச ஒரு ஆளு வேணும்லா."

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எதற்கும் தயங்கி நின்றதில்லை.

அண்ணனின் கைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய கை. ரிட்டயரான பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தெருவில் யார் வீட்டு மிக்ஸி, யார் வீட்டு மின்விசிறி என்றாலும் நம் வாசலுக்கு வந்துவிடும். காசு கொடுத்தால் வாங்க மாட்டார், டீ கொடுத்தால் குடிப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "ஹவ்." ஆமாம் என்பதற்கு இந்த ஊர் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில் அவர் முழு வாழ்க்கையையும் நடத்திவிட்டார் என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

பிறகு ஒரு நாள் நம் வீட்டு மிக்ஸியையே பிரித்தார். பாகங்களைப் பேப்பரில் வரிசையாக அடுக்கினார். அடுக்கியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நீங்கள் துருவிய தேங்காயோடு வந்து நின்றீர்கள்.

"என்ன, இன்னும் பூட்டலையா?"

"ஹவ்."

"ஹவ்னா? பூட்டியாச்சா, பூட்டலையா?"

அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. ஒரு திருகாணியை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைத்தார், இதற்கு என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல. அன்று சட்னி அரைக்கவில்லை. தேங்காயைச் சாதத்தில் கிளறிச் சாப்பிட்டோம்.

டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மறதி நோய்தான், மெல்ல மெல்ல அதிகமாகும் என்றார். அண்ணன் கதவுத் தாழ்ப்பாள்களைக் கழற்றினார், குழாயைக் கழற்றினார், ஒரு முறை சிலிண்டரின் ரெகுலேட்டரையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்க்ரூ டிரைவர்களையெல்லாம் நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். கருவிகள் போனதும் அவர் விரல்கள் வேறு எதையாவது தேடின. லுங்கியின் ஓரத்தைப் பிடித்து நூலை உருவின. தலையணை உறை, ஜன்னல் திரை, பெட்ஷீட் என்று ஓரம் உள்ள எதையும் விடவில்லை. அந்த டிசம்பர் குளிரில் கடையில் வாங்கிய கம்பளி ஒன்றைப் பிரித்தே முடித்துவிட்டார். காலையில் பார்த்தால் கட்டிலைச் சுற்றிலும் நூல் குவிந்து கிடக்கும், அவர் குளிரில் சுருண்டு கிடப்பார்.

அப்போதுதான் நீங்கள் அந்தப் போர்வையைத் தைக்க உட்கார்ந்தீர்கள். தெலுங்குக்காரர்கள் வீட்டில் பழந்துணிகளை அடுக்கிக் கனமாகத் தைத்து வைத்திருப்பார்களே, பொந்த என்று, அதுபோல. மேலே அவருடைய நீல யூனிபார்ம் பேண்டுகளிலிருந்து வெட்டிய சதுரங்கள், உள்ளே பிரிந்துபோன கம்பளி, அடியில் உங்கள் சுங்குடிச் சேலை. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினீர்கள். கடைசியில் நாலு பக்கமும் சீராக வெட்டிவிட்டு, ஓரத்துக்குப் பட்டி வைக்கும்போது என்னைக் கடைக்குப் போகச் சொன்னீர்கள். அதற்கும் உங்கள் பழைய சேலையில் ஒன்றைக் கிழித்தால் என்ன என்று கேட்டேன்.

"பழசு உள்ள போகலாம் தாயி. ஓரத்துக்குப் புதுசுதான் வேணும். அடி எல்லாம் ஓரத்துலதான் விழும்."

தைத்து முடித்துப் போர்த்திவிட்டோம். மறுநாள் காலை பட்டியில் ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து தரையில் கிடந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் கை ஓய்ந்து, முகம் தெளிந்து, தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. நீங்கள் கட்டில் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு குனிந்து, பிரிந்த பட்டியை எடுத்துச் சுருட்டினீர்கள்.

அதை மறுபடி தைத்தீர்கள். அவர் மறுபடி பிரித்தார். பட்டி நைந்துபோனால் புதிதாக வெட்டினீர்கள். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னா அண்ணி இது, எத்தனை வாட்டிதான் தைப்பீங்க? ஓரமே இல்லாம விட்டுடலாமே."

நீங்கள் மிஷினை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"அவியளுக்கு அது ஒரு சோலி. எனக்கு இது ஒரு சோலி."

சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ஓரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். போர்வையின் நாலு பக்கமும் முதலில் நெருக்கமாக இரண்டு ஓட்டு ஓட்டியிருந்தீர்கள். அதன்மேல் பட்டியை வைக்கும்போது மட்டும் மிஷினில் தையலின் நீளத்தைக் கூட்டி, நூலைத் தளர்த்தி ஓட்டியிருந்தீர்கள். பின்பக்கம் மடித்துக் கையால் போட்ட தையலும் அப்படித்தான், ஒற்றை நூலில், நீள நீளமாக.

"உள் தையல் பிரியாது. மேல இருக்கது அவியளுக்கு. லேசா இழுத்தா வந்துரும், விரல்ல காயம் படாது."

இருபது வயதிலிருந்து உங்களைத் தெரியும் எனக்கு. ஆனால் அந்த நிமிஷம் உங்களைப் புதிதாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. நீங்கள் பட்டி வெட்டினால் நான் இஸ்திரி போட்டேன். பக்கத்து வீட்டு உருதுக்கார அக்கா, நம் பாஜி, ஒரு நாள் வாசலில் நின்றபடி பார்த்துவிட்டு, எதற்கு இவ்வளவு கஷ்டம், கடையில் கம்பளியா கிடைக்காது என்றாள். "காய்கு இத்தா தக்லீஃப், அம்மா?" நீங்கள் உங்கள் திருநெல்வேலி இழுப்போடு அவள் பாஷையிலேயே பதில் சொன்னீர்கள்.

"நக்கோ பாஜி. உனோ கோல்தே, மை சீத்தூம்."

வேண்டாம், அவர் பிரிக்கிறார், நான் தைக்கிறேன் என்று. பாஜி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து உங்கள் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

உங்களைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை, அண்ணி. செத்துப்போனவர்களைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். உங்கள் காரியத்துக்கு வந்தவர்களும் பேசினார்கள். பொறுமையின் உருவம் என்றார்கள். நீங்கள் அவரைப் பார்த்துக் கத்தியதும், தட்டைச் சுவரில் எறிந்ததும் எனக்குத் தெரியும். ஒரு மழைநாள் பிற்பகலில் அவரைக் குளிப்பாட்டி முடித்துவிட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். சேலை முழுக்க நனைந்திருந்தது. அவர் பிறாண்டிய இடத்தில் உங்கள் முன்கையில் ரத்தக்கோடு. நான் துண்டை நீட்டினேன், வாங்கவில்லை.

"முடியல தாயி. எனக்கு முன்னாடி அவிய போயிரணும்னு சாமிகிட்ட கேக்கேன். தினமும் கேக்கேன். இது பாவமா?"

"எழுந்திருங்க அண்ணி, ஈரத்துல உக்காராதீங்க" என்றேன். நீங்கள் எழுந்து, சேலை மாற்றிக்கொண்டு, அவருக்குத் தலை துவட்டப் போனீர்கள்.

அந்த வாரம்தான் கனடாவிலிருந்து உங்கள் பிள்ளை முரளி போன் செய்தான். அப்பாவை ஒரு ஹோமில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நல்ல இடம் விசாரித்திருக்கிறேன் என்றான். நீங்கள் போனை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் சொன்னது ஒரே வாக்கியம். "நான் இருக்கவரைக்கும் அந்தப் பேச்ச எடுக்காத."

அவன் எடுக்கவில்லை. நீங்கள்தான் இல்லாமல் போனீர்கள்.

சாமி உங்கள் வேண்டுதலைத் தலைகீழாகக் கேட்டுவிட்டது. காலையில் அவருக்கு இட்லி ஊட்டிவிட்டு, நெஞ்செரிச்சல் என்று சொல்லிச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சோடா வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம், கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றீர்கள். பாஜியின் மகன் கார் எடுத்து வந்தபோது உங்களால் படியிறங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு விளங்கவில்லை. கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து மாலையின் நாரை உருவிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் தடுக்கப் போனார்கள். நான் விடச் சொன்னேன். சில நாள் "எங்க அவ?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். "ஹவ்" என்றார். பிறகு அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து நான்தான். நீங்கள் செய்த எல்லாவற்றையும் நானும் செய்தேன், ஓரம் தைப்பதைத் தவிர. அதற்கு உட்கார நேரம் இல்லை. நேரம் கிடைத்தாலும் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். பகலில் ஒரு பெண் உதவிக்கு வந்தாள், அவளும் நின்றுவிட்டாள். பட்டி முழுக்கப் போன பிறகு அண்ணன் உள் தையலில் கை வைத்தார். நெருக்கமான தையல்தான், ஆனால் அவரிடம் நேரம் நிறைய இருந்தது. நகம் உடைந்து விரல் நுனியில் ரத்தம் கட்டியது. போர்வையைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். அவர் தன் தோலைக் கிள்ளத் தொடங்கினார். திரும்பவும் கொண்டு வந்து போட்டேன்.

போன மாதம் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது நான் சரிந்து விழுந்தேன். அவரும் என் மேல் விழுந்தார். இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். என்னால் எழ முடியவில்லை. அவருக்கு எழ வேண்டும் என்றே தோன்றவில்லை. என் சேலைத் தலைப்பின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரன் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்தோம். இடுப்பில் எலும்பு முறியவில்லை, அது ஒன்றுதான் நல்லது.

முரளி போனில் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு அவனுடைய கலவைப் பாஷையில் சொன்னான்.

"அத்தை, போதும். எனஃப். அம்மாவும் இப்படித்தான் போனாங்க. நீங்க கூட விழுந்துட்டா அப்புறம் கோன் தேக்தா, யாரு பாத்துக்குவா?"

"உங்க அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்கடா."

"அம்மா பேச்சைக் கேட்டுதான் அம்மாவ விட்டேன். உங்களயும் விடமாட்டேன், அத்தை."

அவன் குரல் உடைந்தது. நம் வீட்டில் முட்டி போட்டுத் தவழ்ந்த பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், எங்கேயோ பனியில் காரை நிறுத்திவிட்டு அழுகிறான். நான் சரி என்றேன்.

"நான் இருக்கவரைக்கும்" என்று நீங்கள் சொன்னதை இந்த நாட்களில் பலமுறை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியொரு நாள் வரும் என்று நீங்கள் நினைக்கவேயில்லை. அதனால் முடிவு செய்யும் பாரம் என் தலையில் விழுந்தது. செய்துவிட்டேன்.

ஹப்சிகுடா இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அங்கே சுஜாதா என்று ஒரு பெண் அவரைக் கவனித்துக்கொள்வாள். வீட்டில் அவருக்குப் பழக்கமான பொருள் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், புது இடத்தில் ஒட்டிக்கொள்வார் என்று அவள் தெலுங்கில் சொன்னாள். அவருக்குப் பழக்கமானது என்று எனக்கு உடனே தோன்றியது இந்தப் போர்வைதான். இப்படி நார் நாராக அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை.

அதனால் இன்று உட்கார்ந்தேன். பிய்ந்த பக்கத்தை வெட்டி நேராக்கியதில் போர்வை கொஞ்சம் சின்னதாகிவிட்டது. கருநீலத் துணியை நேர் இழையில் நீளப் பட்டிகளாக வெட்டினேன். ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தைச் சாய்வாகத் தைத்தேன், நேராகத் தைத்தால் ஒரே இடத்தில் தடித்துவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டேன். அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

"விடுண்ணா, தெச்சுட்டுத் தர்றேன்."

"ஹவ்" என்றார். விடவில்லை. ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்த பிறகுதான் விட்டார். தமிழ் போய், தெலுங்கு போய், என் பெயரும் போய்விட்டது. அந்த ஒரு வார்த்தை மட்டும் நிற்கிறது.

உள்ளே நெருக்கமாக இரண்டு ஓட்டு. மேலே பட்டிக்குத் தளர்வான ஓட்டு. மூலைகளில்தான் தடுமாறினேன். ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தையலை நிறுத்தி, பட்டியை மேலே சாய்வாக மடித்து, பிறகு கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். முதல் மூலை சுருங்கிப்போனது. பிரித்துத் தைத்தேன். இரண்டாவதும் அப்படித்தான். மற்ற இரண்டும் உங்களுடையதுபோல இல்லாவிட்டாலும் மூலை என்று சொல்லும்படி வந்தன. பின்பக்கத்துக் கைத்தையல் இன்னும் பாக்கி. கண் எரிகிறது. கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

இதைத் தொடர எனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, அண்ணி.

புதன்கிழமை வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பாஜியும் கூட வந்தாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எதுவும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார வைத்துப் போர்வையை மடியில் போட்டேன். விரல்கள் தாமாகவே ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டன. நான் கிளம்புகிறேன் என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலுக்கு வந்ததும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பாஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, கட்டிலில் சாய்ந்தேன். தூங்கிப்போனேன். அப்படியொரு தூக்கம். விழித்தபோது சாயங்காலம். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பதறியடித்து எழுந்து அவர் அறைக்கு ஓடினேன். காலிக் கட்டிலைப் பார்த்த பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

ஞாயிறுதோறும் போகிறேன். முதல் ஞாயிறு சுஜாதா முறையிட்டாள், பெரியவர் நூலை உருவுகிறார், போர்வை பாழாகிறது என்று. பரவாயில்லை, இழுக்கட்டும், அதற்காகத்தான் தைத்திருக்கிறது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் தலையாட்டினாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரிந்த பக்கத்தைக் கையால் தைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் அப்படியே. இரண்டு வாரம் இடுப்பு வலியில் போக முடியவில்லை. பிரித்து முடித்திருப்பார் என்று அடுத்த முறை நிறைய நூலோடு போனேன்.

போர்வை நான் விட்டுவந்தபடியே இருந்தது. நாலு பக்கமும் பட்டி அப்படியே. ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

"இப்புடு லாகட்லேது அம்மா" என்றாள் சுஜாதா சந்தோஷமாக. இப்போது இழுப்பதில்லை. நன்றாகத் தூங்குகிறார், அமைதியாகிவிட்டார். எனக்கு நல்ல சேதி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். வாரம் ஒருமுறை வரும் டாக்டரைக் கேட்டேன். இந்த நோயில் இப்படி ஒரு கட்டம் வரும், கைகள் அடங்கிவிடும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை வருஷம் அந்தக் கைகள் சும்மா இருக்காதா என்று நாம் ஏங்கினோம், அண்ணி. நீங்கள் தட்டை எறிந்தது அதற்காகத்தானே. அடங்கிவிட்டன. மடியில் உள்ளங்கை மேல்நோக்கி, யாரோ அவரிடம் எதையோ கொடுக்கப் போவதுபோல இருந்தன.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பட்டியின் பின்பக்கத்தில் நான் போட்ட முடிச்சைத் தேடி, பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஒரு சாண் அளவுக்குத் தையலை நானே பிரித்தேன். தொங்கிய நூலை அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தேன்.

"அண்ணா, இந்தாண்ணா. இழு."

இழுத்தாரா என்று கேட்பீர்கள். இழுக்கவில்லை. ஆனால் விரல்கள் மூடிக்கொண்டன. நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். டீ வரும் நேரம்வரை பிடித்துக்கொண்டிருந்தார், நானும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகட்டுமா என்று கேட்டேன். "ஹவ்" வரவில்லை. பிரித்த இடத்தைத் தைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நாளை ஞாயிறு. எனக்கு இடுப்பு வலி தீரவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பாக்கியம். அங்கே போய் நான் செய்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் போவேன். நான் நாச்சாரத்துக்கு வேலைக்குப் போன காலம் முழுக்க, எவ்வளவு தாமதமானாலும் வாசலை மறித்து நின்று ஒன்று சொல்வீர்கள். "வெறும் வயித்தோட போகாத தாயி." நீங்கள்தான் கடைசிவரை எல்லோருக்கும் ஊட்டிவிட்டு வெறும் வயிற்றோடு நின்றீர்கள்.

நாளை காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்து எனக்கென்று இரண்டு தோசை ஊற்றுகிறேன். தட்டில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஆறுவதற்குள் முழுதும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன், அண்ணி.

உங்கள்
வசந்தி